கடைமடை லேப்டாப்

காரைக்காலில் இரவு ஒன்பது மணி என்றால் பாரிஸில் குளிர்காலத்தில் மாலை நாலரை, கோடையில் ஐந்தரை. அங்கே இருக்கிற பிள்ளைகள் ஊருக்கு வீடியோ அழைப்பு போடுகிற நேரம். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் கைமாறிப் போன பிறகும் இந்த ஊருக்கும் பிரான்சுக்கும் இருக்கும் உறவு அறுந்துவிடவில்லை. அன்று கடுதாசியில் ஓடியது, இன்று வைஃபையில் ஓடுகிறது.

அப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். கூடத்தில் பாட்டி கைபேசியைப் பிடித்தபடி பேரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று படம் உறைந்து, வாய் திறந்தபடி பேரன் சிலையாக நிற்கிறான். டிவியில் ஓடிய படமும் வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. கொல்லைப்பக்க அறையில் மருமகள் அப்போதுதான் லேப்டாப்பைத் திறந்திருக்கிறார். "அண்ணி, அந்த லேப்டாப்பைக் கொஞ்சம் மூடுங்களேன்!" என்று நாத்தனாரின் குரல் வருகிறது. மூடியதும் பேரன் மறுபடி பேசுகிறான்.

ஒரு பெட்டி இன்னொரு பெட்டியின் இணைப்பைக் கெடுக்க முடியுமா? முடியும். அதுவும் ஒரே வழியில் அல்ல. கெடுக்கிற விதம் என்னவென்று தெரியாமல் மோடத்தை அணைத்து அணைத்துப் போடுவதும், கூடுதல் வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டுவதும் பெரும்பாலும் வீண்செலவு. ஏனென்றால் தெருவிலிருந்து வீட்டுக்குள் வருகிற கண்ணாடியிழையில் குறை இருப்பதில்லை. குறை பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் காற்றில்.

வைஃபைக்குக் காற்று ஒரே வாய்க்கால். ரவுட்டரும் நான்கு கைபேசிகளும் டிவியும் லேப்டாப்பும் ஒரே சேனலில்தான் பேச வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். ஒவ்வொரு கருவியும் முதலில் காதுகொடுத்துக் கேட்கும். யாரும் பேசவில்லை என்றால் கண்ணிமைக்கும் நேரத்தைவிடச் சிறிய இடைவெளி பொறுத்துத் தன் தரவுப் பொட்டலத்தை அனுப்பும். அடுத்த பொட்டலத்துக்கு மறுபடி முறைக்குக் காத்திருக்கும்.

முறை என்ற சொல்லைக் காரைக்கால்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் புதுச்சேரிக்கென்று ஒதுக்கியது 7 டிஎம்சி. அந்தத் தண்ணீர் பாய வேண்டிய இடம் இந்தக் கடைமடைதான். அரசலாற்றிலும் திருமலைராயன் ஆற்றிலும் நீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்து விடுவார்கள். அந்த முறை நேரக் கணக்கு. இத்தனை நாள் இந்த வாய்க்காலுக்கு, இத்தனை நாள் அடுத்ததற்கு. வயல் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் நேரம் முடிந்தால் மடை மாறிவிடும்.

வைஃபையின் பழைய விதி அப்படி இல்லை. அது நேரத்தை எண்ணாமல் தடவையை எண்ணுகிறது. உனக்கு ஒரு பொட்டலம், எனக்கு ஒரு பொட்டலம். ஒருவர் தன் பொட்டலத்தை அனுப்ப எவ்வளவு நேரம் எடுத்தாலும் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். தூர்ந்துபோன வாய்க்காலை வைத்திருப்பவர் வயல் நிரம்பும்வரை மடையை அடைக்க மாட்டேன் என்றால் மற்ற வயல்களின் கதி என்ன ஆகும்?

இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் பிரான்சின் கிரனோபிள் நகர ஆய்வாளர்கள் நால்வர். 2003-இல் இன்ஃபோகாம் மாநாட்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வு அந்தக் காலத்து 802.11பி வைஃபையைப் பற்றியது. அதில் நல்ல சிக்னல் உள்ள கருவி வினாடிக்கு 11 மெகாபிட் வேகத்தில் பேசும். தூரத்தில் இருக்கும் கருவி, சொன்னது தெளிவாகக் கேட்க வேண்டுமே என்று தன் வேகத்தை 1 மெகாபிட்டுக்குக் குறைத்துக்கொள்ளும். 1500 பைட் கொண்ட ஒரு பொட்டலம் 11 மெகாபிட்டில் சுமார் 1 மில்லிவினாடியில் போய்விடும். அதே பொட்டலத்துக்கு 1 மெகாபிட்டில் 12 மில்லிவினாடி ஆகும். தடவை சமம் என்பதால், பக்கத்தில் இருக்கும் வேகமான கருவிகளும் கடைசியில் 1 மெகாபிட்டுக்கும் கீழே இறங்கிவிடுகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். வேகங்கள் இன்று பல மடங்கு கூடிவிட்டன. பழைய விதியிலேயே ஓடுகிற ரவுட்டர்களில் இந்த நோய் மட்டும் அப்படியே இருக்கிறது.

அதற்கு மருந்தாக, முறையை நேரத்தால் அளக்கும் ஏற்பாட்டை லினக்ஸில் செய்துகாட்டிய முக்கியமான ஆய்வு 2017-இல் யூஸ்னிக்ஸ் மாநாட்டில் வந்தது. டெல்டாவின் நீர்ப் பங்கீட்டில் எப்போதோ இருந்த நியாயம் வைஃபைக்குள் வர இத்தனை காலம் ஆகியிருக்கிறது. இன்று சில ரவுட்டர்களின் அமைப்புப் பக்கத்தில் 'ஏர்டைம் ஃபேர்னஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அது இதுதான். இருந்தால் போட்டுப் பார்க்கலாம்.

காரைக்காலின் பழைய வீடுகளை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். தெருவாசலில் குறுகலாகத் தொடங்கி, கூடம், முற்றம், அறைகள் என்று கொல்லைவரை நீளும் வீடுகள். கேபிள் தெருப்பக்கமாக நுழைவதால் ரவுட்டரையும் வாசல் ஓரத்திலேயே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போகிறார்கள். கொல்லை அறையில் இருக்கும் லேப்டாப்புக்கு நடுவே மூன்று நான்கு தடித்த செங்கல் சுவர்கள், ஒரு இரும்பு பீரோ. அது கடைமடையேதான். பொட்டலம் ஒவ்வொன்றையும் மெதுவாக, பல தடவை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. லேப்டாப்பில் எந்தக் கோளாறும் இல்லை, அது இருக்கும் இடம்தான் கோளாறு.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். லேப்டாப்பை ரவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து அதே வேலையைச் செய்யச் சொல்லுங்கள். தொல்லை நின்றுவிட்டால் காரணம் தூரம். ரவுட்டரை வீட்டின் நடுவுக்கு, தலைக்கு மேல் உயரத்தில் மாற்றலாம். அதைவிட நல்லது, லேப்டாப்புக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுவது. கேபிளில் ஏறிய லேப்டாப் காற்றைவிட்டே போய்விடுகிறது. அதன் முறை மற்றவர்களுக்கு மிச்சம்.

பக்கத்தில் வைத்தும் தொல்லை தொடர்கிறதா? அப்படியானால் லேப்டாப் என்ன அனுப்புகிறது என்று பார்க்க வேண்டும். திறந்தவுடன் அன்றைய புகைப்படங்களையெல்லாம் மேகக் கிடங்குக்கு ஏற்றத் தொடங்குகிற மென்பொருள்கள் உண்டு. விண்டோஸ் தான் இறக்கிய புதுப்பிப்பைப் பிற கணினிகளுக்குப் பகிரவும் செய்யும். பெல் ஆய்வகத்தில் இருந்த ஜிம் கெட்டிஸ் 2010-இல் தம் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போது மற்ற எல்லாமே திணறுவதைக் கவனித்தார். அளந்து பார்த்தால் தாமதம் ஒரு வினாடிக்கும் மேல். மோடமும் ரவுட்டரும் பொட்டலம் எதையும் கைவிடக் கூடாது என்று அளவுக்கு மீறி வரிசையில் நிறுத்தி வைத்ததுதான் காரணம். சனிப்பெயர்ச்சி அன்று திருநள்ளாற்றில் வரிசை எப்படி நீளும்? அதில் கடைசியில் வந்து நிற்கிறது பாட்டியின் குரல். முன்னால் நிற்பவை ஆயிரக்கணக்கான புகைப்படத் துண்டுகள். கெட்டிஸ் இதற்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார். வரிசையை நீளவிடாமல் காக்கும் 'கோடல்' என்ற முறையை கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்டார்கள்.

இந்த இரண்டு நோய்களையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ரவுட்டருக்குப் பக்கத்தில் வேறொரு கணினியையோ கைபேசிச் செயலியையோ வைத்துக்கொண்டு, பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் 'பிங்' ஓடவிடுங்கள். முதலில் ரவுட்டரின் முகவரிக்கு. பல வீடுகளில் அது 192.168.1.1 என்று இருக்கும். பிறகு வெளியே 8.8.8.8-க்கு. லேப்டாப்பைத் திறந்ததும் ரவுட்டருக்கான பதிலே சில மில்லிவினாடியிலிருந்து நூற்றுக்கணக்கில் தாவினால் நெரிசல் காற்றில் இருக்கிறது. ரவுட்டரின் பதில் சீராக வந்து, வெளியிலிருந்து வருவது மட்டும் தாவினால் நெரிசல் தெருவுக்குப் போகும் பாதையில். அப்போது மேகக் கிடங்கு மென்பொருளில் ஏற்றும் வேகத்துக்கு ஒரு வரம்பு போட்டாலே போதும்.

மூன்றாவது ரகம் இன்னும் விசித்திரமானது. லேப்டாப் தூக்கத்திலிருந்து விழிக்கிற அந்தக் கணத்தில் மட்டும் வைஃபை படுத்துவிடும். 2018 ஜனவரியில் இதேபோன்ற ஒன்று உலகமெங்கும் நடந்தது. கூகுளின் காஸ்ட் வசதி கொண்ட கருவிகள் 'நான் இருக்கிறேன்' என்று இருபது வினாடிக்கு ஒருமுறை எல்லாருக்கும் பொதுவாகக் கூவும். தூங்கி எழுந்தால், தூங்கிய நேரத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் கூவின. சில வேளைகளில் ஒரு லட்சம் பொட்டலங்களுக்கும் மேல் என்று டிபி-லிங்க் நிறுவனத்தின் பொறியாளர்கள் கண்டார்கள். ரவுட்டர்கள் தாங்காமல் விழுந்தன. அதே மாதம் கூகுள் திருத்தம் அனுப்பியது. எல்லாருக்கும் பொதுவான செய்தியை வைஃபை வழக்கமாக மிகக் குறைந்த வேகத்தில்தான் ஒலிபரப்பும் என்பதால் இப்படிப்பட்ட கூவல் காற்றையும் அடைத்துவிடும். சில இன்டெல் வலைச் சில்லுகள் கணினி தூங்கும்போதே இப்படிச் செய்தி வெள்ளத்தைக் கொட்டியதும் உண்டு. மருந்து ஒன்றே: அந்தச் சில்லின் டிரைவரையும் ரவுட்டரின் உள்மென்பொருளையும் புதுப்பிப்பது.

முகவரிக் குழப்பமும் ஒன்று. அலுவலகத்தில் யாரோ லேப்டாப்புக்கு நிரந்தர ஐபி முகவரி போட்டுக் கொடுத்திருப்பார்கள். அது வீட்டு ரவுட்டரின் முகவரியாகவே அமைந்துவிட்டால், ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு. எல்லாருடைய தபாலும் சில நேரம் லேப்டாப்புக்குப் போய்விடும். அடையாளம் இதுதான்: சிக்னல் கோடுகள் முழுதாக இருக்கும், இணையம் மட்டும் இருக்காது. 2010 ஏப்ரலில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் புதிதாக வந்த ஐபேடுகள், தவணை முடிந்த முகவரிகளை விடாமல் பிடித்துக்கொண்டு இதற்கு நெருங்கிய தொல்லை கொடுத்தன. லேப்டாப்பில் முகவரியைத் 'தானாகப் பெறு' என்று மாற்றினால் தீர்ந்தது.

யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் சொருகியிருந்தால் அதையும் ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள். யுஎஸ்பி 3.0 கருவிகளும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சலை 20 டெசிபெல், அதாவது நூறு மடங்குவரை கூட்டக்கூடும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் எழுதியிருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மாறினால் அந்த இரைச்சலிலிருந்து தப்பலாம். சுவரைத் துளைக்கிற திறன் மட்டும் அதற்குக் குறைவு.

காரைக்காலில் வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் இருக்கிறதே, அது வைஃபையைக் கெடுக்குமா என்ற கேள்வி வரலாம். கவலை வேண்டாம். அது சுமார் 10 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள எஸ் பட்டையில் இயங்குகிறது. வீட்டு வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை பன்னிரண்டரை சென்டிமீட்டர். பக்கத்துப் பக்கத்துத் தெரு, ஆனால் வேறு தெரு. பக்கத்து வீட்டு வைஃபைதான் உங்கள் தெருவிலேயே குடியிருக்கிறது. இந்தியாவில் 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை உரிமம் இல்லாத பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. உரிமம் இல்லை என்றால் பாதுகாப்பும் இல்லை. அடுத்த வீட்டு ரவுட்டர் உங்கள் சேனலிலேயே பேசினால் முறையிட இடம் கிடையாது. 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை. அவற்றில் கூட்டம் குறைந்ததை நீங்களே தேர்ந்துகொள்ள வேண்டும்.

கண்ணில் பட்ட கருவியைக் குற்றவாளி ஆக்குவதில் ஒரு ஆபத்தும் உண்டு. 2007 ஜூலையில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வைஃபை நிலையங்கள் டஜன் கணக்கில், பத்துப் பதினைந்து நிமிஷம் செயலிழந்தன. அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த ஐபோன்கள் வினாடிக்கு 18,000 கோரிக்கைகள்வரை அனுப்புவதாகச் செய்தி பரவியது. சில நாளில் பல்கலைக்கழகமே அறிவித்தது: கோளாறு ஐபோனில் இல்லை, தங்கள் சிஸ்கோ வலையமைப்பில். ஐபோன் அதைக் கிளறிவிட்டது, அவ்வளவுதான். லேப்டாப்பை மூடினால் தொல்லை நிற்கிறது என்பதாலேயே லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கிப் போக வேண்டியதில்லை. அதே லேப்டாப் வேறொரு வீட்டு வைஃபையில் ஒழுங்காக இருந்தால், சொந்த வீட்டு ரவுட்டரைத்தான் பார்க்க வேண்டும்.

நாம் நினைத்துப் பார்த்த வீட்டில் அன்று இரவு பிங் ஓடவிட்டிருந்தால், ரவுட்டரின் பதிலே 3 மில்லிவினாடியிலிருந்து 400-க்குத் தாவியிருக்கும். கூடத்து மேசையில் லேப்டாப்பை வைத்ததும் அது 3-க்கே திரும்பியிருக்கும். மறுநாள் வாசலிலிருந்து முற்றத்து ஓரமாக, உத்தரத்தின் கீழே கிளிப் அடித்து, கொல்லை அறைவரை கேபிள் இழுக்கிறார்கள். நூறு மீட்டர்வரை தாங்கும் கேபிளுக்கு அந்த வீடு நீளமே இல்லை. இரவு ஒன்பது மணிக்கு அண்ணி லேப்டாப்பைத் திறக்கிறார். பாரிஸில் குக்கர் விசில் அடிப்பதுகூடக் கூடத்தில் இருக்கும் பாட்டிக்குக் கேட்கிறது.