1977 ஐரோப்பிய சூப்பர் கோப்பை

1977 ஐரோப்பிய சூப்பர் கோப்பை என்பது இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்திற்கும் மேற்கு செருமனியின் ஹாம்பர்க் கழகத்திற்கும் இடையே இரு கட்டங்களாக நடைபெற்ற காற்பந்து இறுதிப்போட்டி ஆகும். முதற்கட்ட ஆட்டம் 1977 நவம்பர் 22 அன்று ஹாம்பர்க் நகரிலும், இரண்டாம் கட்ட ஆட்டம் டிசம்பர் 6 அன்று லிவர்பூல் நகரிலும் நடைபெற்றன. இரு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டிப் பார்க்கையில் 7-1 என்ற கணக்கில் லிவர்பூல் வெற்றி பெற்றது. அக்கழகம் இக்கோப்பையை வென்றது இதுவே முதன்முறை. லிவர்பூலின் முன்னணி ஆட்டக்காரராக இருந்த கெவின் கீகன், கழகம் மாறிய சில மாதங்களிலேயே எதிரணியின் ஆட்டக்காரராகப் பழைய அரங்கிற்குத் திரும்பியதால் இப்போட்டி நினைவுகூரப்படுகிறது.

போட்டியின் அமைப்பு

ஐரோப்பாவின் இரு முதன்மைக் கோப்பைகளை வென்ற கழகங்களை ஒன்றோடொன்று மோதவிடும் எண்ணத்தை நெதர்லாந்து செய்தியாளர் அன்டன் விட்காம்ப் 1970களின் தொடக்கத்தில் முன்வைத்தார். நாட்டு வாகையர்களுக்கான ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணியும், தேசியக் கோப்பைகளை வென்ற அணிகளுக்கான கோப்பை வென்றோர் கோப்பையைக் கைப்பற்றிய அணியும் இதில் ஆடின.

பொது அரங்கு ஒன்றில் ஒரே ஆட்டமாக நடத்தாமல், ஒவ்வொரு கழகத்தின் சொந்த அரங்கிலும் ஓர் ஆட்டம் வீதம் நடத்துவது அக்கால வழக்கம். இம்முறையில் முதல் ஆட்டத்தின் முடிவு மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை. வெளியூரில் சமநிலை பெற்ற அணி, தன் சொந்த அரங்கில் வென்றாலே கோப்பையைப் பெற்றுவிடும். 1977இல் நிகழ்ந்ததும் இதுவே.

பின்னணி

ஹாம்பர்க் அணி 1977 மே 11 அன்று ஆம்ஸ்டர்டாமில் பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் கழகத்தை 2-0 என வென்று கோப்பை வென்றோர் கோப்பையைக் கைப்பற்றியது. இரு வாரங்கள் கழித்து, மே 25 அன்று உரோம் நகரில், லிவர்பூல் மேற்கு செருமனியின் பொருசியா மொன்சன்கிளாட்பாக் கழகத்தை 3-1 என வென்று தன் முதலாவது ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றது.

உரோம் ஆட்டமே லிவர்பூல் அணிக்காகக் கீகன் ஆடிய இறுதி ஆட்டமாகும். 1971இல் ஸ்கன்தார்ப் யுனைடெட் என்னும் சிறிய கழகத்திலிருந்து வந்த இவர், லிவர்பூல் அணிக்காக 100 கோல்களை அடித்திருந்தார். அப்பருவத்தின் முடிவில் வெளிநாடு செல்ல விரும்புவதாக முன்னரே அறிவித்திருந்த அவரை, ஹாம்பர்க் கழகம் 500,000 பவுண்டுக்கு வாங்கியது. அவருக்கு மாற்றாக லிவர்பூல் மேலாளர் பாப் பெய்ஸ்லி, ஸ்காட்லாந்தின் செல்டிக் கழகத்திலிருந்து கென்னி டால்கிலிசை 440,000 பவுண்டுக்கு வாங்கினார். கீகன் அணிந்திருந்த 7ஆம் எண் சட்டை டால்கிலிசுக்கு வழங்கப்பட்டது.

ஹாம்பர்க்கில் கீகனின் முதற் பருவம் கடினமாக இருந்தது. மொழி புதிது, உடன் ஆடுவோர் சிலரிடம் இணக்கமும் இல்லை. அக்டோபரில் பயிற்சியாளர் ரூடி குடென்டார்ஃப் பதவியிழந்தார். கழகத்தின் முன்னாள் இலக்குக் காவலரான துருக்கியர் ஓஸ்கான் ஆர்கோச் அப்பொறுப்பை ஏற்றார். இந்நிலையில்தான் ஹாம்பர்க் இப்போட்டியைச் சந்தித்தது.

முதற்கட்ட ஆட்டம்

ஹாம்பர்க்கின் ஃபோக்ஸ்பார்க் அரங்கில் நடைபெற்ற ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 16,000 பேரே வந்திருந்தனர். 29ஆவது நிமிடத்தில் ஃபெர்டினண்ட் கெல்லர் ஹாம்பர்க் அணிக்காக முதல் கோலை அடித்தார். 65ஆவது நிமிடத்தில் டேவிட் ஃபேர்கிளஃப் பதில் கோல் அடித்தார். ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது.

இரண்டாம் கட்ட ஆட்டம்

லிவர்பூலின் ஆன்ஃபீல்டு அரங்கில் 34,931 பேர் கூடியிருந்தனர். 21ஆவது நிமிடத்தில் தற்காப்பு ஆட்டக்காரரான ஃபில் தாம்சன் முதல் கோலை அடித்தார். 40ஆவது நிமிடத்தில் நடுக்கள ஆட்டக்காரர் டெர்ரி மெக்டெர்மட் இரண்டாவது கோலை அடித்தார். இடைவேளைக்குப் பின் 56, 57ஆவது நிமிடங்களில் மெக்டெர்மட் மேலும் இரு கோல்களை அடித்து ஹாட்ரிக் சாதனையை நிறைவு செய்தார். 84ஆவது நிமிடத்தில் ஃபேர்கிளஃபும், 88ஆவது நிமிடத்தில் டால்கிலிசும் கோல் அடித்தனர். ஆட்டம் 6-0 என முடிந்தது. கீகன் ஆடிய அணியால் ஒரு கோலும் அடிக்க இயலவில்லை. அவருடைய இடத்திற்கு வந்தவர் இறுதிக் கோலை அடித்தார்.

பின்விளைவுகள்

கீகனின் இடமாற்றம் தவறான முடிவு என்ற எண்ணத்தை இத்தோல்வி வலுப்படுத்துவது போலத் தோன்றியது. பின்வந்த ஆண்டுகள் அதற்கு மாறாக அமைந்தன. அவர் செருமன் மொழியைக் கற்றுக்கொண்டு அணியில் நிலைபெற்றார். 1978, 1979 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருதைப் பெற்றார். 1979இல் ஹாம்பர்க் செருமன் வாகையர் பட்டத்தை வென்றது. 1960க்குப் பின் அக்கழகம் பெற்ற முதற் பட்டம் அது.

லிவர்பூலும் இழப்பை உணரவில்லை. 1978 மே மாதம் இலண்டன் வெம்பிளி அரங்கில் பெல்ஜியத்தின் புரூக் கழகத்தை 1-0 என வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தக்கவைத்துக் கொண்டது. அந்த ஒரே கோலை அடித்தவர் டால்கிலிஸ். எனவே 6-0 என்ற கணக்கு அன்றைய இரு அணிகளின் நிலையைக் காட்டியதேயன்றி, கீகனின் முடிவைப் பற்றிய தீர்ப்பாக அமையவில்லை.

இரு கட்ட முறையின் முடிவு

நெருக்கமான போட்டி அட்டவணையில் இரு கழகங்களுக்கும் பொருந்தும் இரண்டு நாள்களைக் கண்டறிவது எளிதாக இருக்கவில்லை. 1974, 1981 ஆகிய ஆண்டுகளுக்கான சூப்பர் கோப்பை நடைபெறவேயில்லை. 1984, 1986, 1991 ஆகிய ஆண்டுகளுக்கான போட்டிகள் ஒரே ஆட்டமாக நடத்தப்பட்டன. இரு கட்டங்களாக நடைபெற்ற இறுதிப் போட்டி, பார்சிலோனாவும் பொருசியா டோர்ட்மண்டும் மோதிய 1997ஆம் ஆண்டுப் போட்டியாகும். 1998 முதல் சூப்பர் கோப்பை ஒரே ஆட்டமாகப் பொது அரங்கில் நடத்தப்படுகிறது. லிவர்பூல் பின்னர் 2001, 2005, 2019 ஆகிய ஆண்டுகளிலும் இக்கோப்பையை வென்றது.