அமிலமும் துருவும் செய்த அலங்காரம்

ஒரு பழைய துப்பாக்கியை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். ஏறக்குறைய ஐந்தடி நீளம். அதன் மரக்கட்டை முழுவதும் செம்பழுப்பு நிறம். அதில் புலியின் உடலில் இருப்பது போன்ற குறுக்கு வரிகள். இரும்புக் குழல் பளபளக்கவில்லை. வறுத்த காப்பிக் கொட்டையின் நிறத்தில் மங்கலாக இருக்கிறது. யாரோ வண்ணம் தீட்டியிருக்கிறார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? ஒரு துளி வண்ணம்கூட அதில் இல்லை. மரத்துக்கும் குழலுக்கும் நிறம் தந்தவை இரும்பு ஆக்ஸைடுகள். அதாவது, நாம் அன்றாடம் பார்க்கும் துருவும் அதன் உறவினர்களும்தாம்!

எளியவர்களின் துப்பாக்கி

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் மொழி பேசும் கொல்லர்கள் பலர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறினார்கள். அவர்கள் கொண்டு வந்த வேட்டைத் துப்பாக்கியின் குழல் சுமார் 30 அங்குல நீளமே இருந்தது. புதிய நாட்டில் அது நீண்டுகொண்டே போய், 42 அங்குலத்தையும் தாண்டியது. குழலின் உட்புறத்தில் திருகு போன்ற பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தன. இவை குண்டைப் பம்பரம் போல் சுழலச் செய்ததால், குண்டு திசை மாறாமல் நேராகச் சென்றது. வெடிமருந்தையும், கொழுப்புத் தடவிய துணியில் பொதிந்த ஈயக் குண்டையும் குழலின் வாய் வழியாகக் கோலால் இடித்து இறக்க வேண்டும்.

செல்வர்கள் வாங்கியவற்றில் பித்தளைப் பெட்டி, வெள்ளிப் பதிப்பு, கொடிவேலைச் செதுக்கல் எல்லாம் இருந்தன. தெற்கே டென்னசி, வடகரோலினா மலைப்பகுதிகளில் வாழ்ந்த உழவர்களுக்கு அவ்வளவு பணம் ஏது? அவர்களுடைய துப்பாக்கியில் பித்தளைக்குப் பதில் உள்ளூர்க் கொல்லர் அடித்த இரும்புப் பட்டைகள் இருந்தன. துணி வைக்கும் பெட்டிக்குப் பதிலாக, மரக்கட்டையில் குடைந்த ஒரு குழியில் மாட்டுக்கொழுப்பை நிரப்பிக்கொண்டார்கள். ஆனால் எளிமை வேறு, அழகின்மை வேறு. பட்டறையில் கிடைத்த இரும்பையும் அமிலத்தையும் கொண்டே கொல்லர்கள் அவற்றை அழகுபடுத்தினார்கள்.

மரத்தில் வரி எழுவது எப்படி?

கட்டைக்குப் பெரும்பாலும் மேப்பிள் மரம் பயன்பட்டது. சில மேப்பிள் மரங்களில் நார்கள் நேராக ஓடுவதில்லை. அலை அலையாக நெளிகின்றன. அத்தகைய மரத்தை இழைத்தால், ஓரிடத்தில் நார் படுத்திருக்கும். அடுத்த இடத்தில் நாரின் வெட்டுமுனை மேலே பார்க்கும். முனை தெரியும் இடம் உறிஞ்சுதாள் போல் திரவத்தை அதிகமாகக் குடிக்கும். அங்கே நிறமும் கருமையாக விழும். வரிகளின் இரகசியம் இதுதான்.

அந்தத் திரவம் எது? நைட்ரிக் அமிலத்தில் இரும்புத் தூளைக் கரைத்துப் பெறும் இரும்பு நைட்ரேட் கரைசல். இதைக் கட்டையில் பூசி உலரவிட்டால் அழுக்கு மஞ்சளாக, பார்க்கவே நன்றாயிராது. பிறகு தணலின்மேல் காட்டுவார்கள். வெப்பத்தில் நைட்ரேட் சிதைந்து, நைட்ரஜன் ஆக்ஸைடுகள் ஆவியாக வெளியேற, இரும்பு ஆக்ஸைடு நார்களுக்குள் தங்கிவிடும். கண்முன்னே செம்பழுப்பு நிறம் படரும்! எஞ்சிய அமிலத்தைக் காரக் கரைசலால் நடுநிலையாக்கிய பின், ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பார்கள். இவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் சேர்ந்து இறுகி மெல்லிய படலமாகிறது.

வரியில்லாத மரம் கிடைத்தால் தார் தோய்த்த கயிற்றைச் சுற்றிக் கொளுத்தி, கருகிய கோடுகளை உண்டாக்கியதும் உண்டு. ஏழையின் கட்டையிலும் புலிவரி வந்துவிட்டது.

துருவே துருவுக்குத் தடை

இரும்பைத் தின்னும் துருவே எப்படி அலங்காரமாகும்? சாதாரணத் துரு நுண்துளைகள் நிறைந்தது, உதிரக் கூடியது. ஈரத்தை உள்ளே பிடித்து வைத்து, மேலும் மேலும் அரிக்க இடம் தரும். கொல்லர்கள் அதை அளவோடு வளர்த்தார்கள். எண்ணெய்ப் பசை போகக் கழுவிய குழலில் உப்பு அல்லது நவச்சாரக் கரைசலை மெல்லத் தடவி, ஈரக் காற்றில் வைப்பார்கள். மெல்லிய துரு படியும். உதிரும் துகள்களைத் தேய்த்து நீக்கிவிட்டு, மீண்டும் தடவுவார்கள். பல நாட்கள் இப்படிச் செய்தால், இறுகப் பற்றிய நேர்த்தியான பழுப்புப் படலம் மட்டும் எஞ்சும். அதன் நுண்துளைகளை எண்ணெய் நிரப்பிவிட்டால் ஈரம் எளிதில் புகாது. குழல் வெயிலில் மின்னி வேட்டை விலங்கை எச்சரிப்பதும் குறையும். அழகும் பாதுகாப்பும் ஒரே வேலையில் முடிந்துவிட்டன.

அழகுபடுத்துவது எப்போது குற்றம்?

இந்த வித்தைகள் மறையவில்லை. 1960-களில் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகரில் வால்லஸ் கஸ்லர் என்ற கைவினைஞர், இரும்புப் பட்டையைக் காய்ச்சிக் குழலாக்குவது முதல் வெள்ளி பதிப்பது வரை எல்லாவற்றையும் பழைய முறையிலேயே செய்து காட்டினார். இன்றும் பலர் புதிதாக எளிய துப்பாக்கி செய்து, அதில் ஒரு கோடு செதுக்குவதையும், எட்டுமுனை வெள்ளி விண்மீன் பதிப்பதையும் பொழுதுபோக்காகக் கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் வேறு சிலர், இருநூறு ஆண்டு பழமையான எளிய துப்பாக்கிகளையே வாங்கி, பித்தளைப் பெட்டியும் செதுக்கலும் சேர்த்து அதிக விலைக்கு விற்றிருக்கிறார்கள். இந்த ஏமாற்றைக் காட்டிக் கொடுப்பதும் அறிவியல்தான். பழைய மரத்தின் மேற்பரப்பு ஒளியாலும் காற்றாலும் கருத்திருக்கும். புது உளி பட்ட இடத்தில் வெளிறிய மரம் தெரியும். எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி உலோகத்திலுள்ள தனிமங்களை அறியலாம். பழைய பித்தளையில் ஈயம் போன்ற கலப்புகள் மிகுந்திருப்பது வழக்கம். இக்காலப் பித்தளைத் தகடு பெரும்பாலும் தூய்மையானது.

குட்டு வெளிப்பட்டாலும் இழந்தது திரும்பாது. பெட்டி பதிக்க வெட்டியபோது கொழுப்புக் குழி போய்விட்டது. பல தலைமுறைக் கைகள் பிடித்துப் பிடித்து வழுவழுப்பாக்கிய பரப்பு சீவப்பட்டுவிட்டது. ஓர் ஏழை உழவர் எப்படி வாழ்ந்தார் என்று சொன்ன சாட்சி ஊமையாகிவிட்டது. புதியதை எப்படி வேண்டுமானாலும் அலங்கரிக்கலாம். பழையதைத் தொடாமல் விடுவதே அதற்குச் செய்யும் மரியாதை.

செய்து பாருங்கள்

நைட்ரிக் அமிலம் தோலைப் பொசுக்கும். அதன் பழுப்பு ஆவி நஞ்சு. எனவே அது வேண்டாம். இரண்டு இரும்பு ஆணிகளை வினிகரில் போட்டு, மூடாமல் சில நாட்கள் வையுங்கள். வெளிறிய பலகைத் துண்டு ஒன்றில் கடுக்காய் ஊறிய நீரையோ கெட்டித் தேநீரையோ பூசி உலர விடுங்கள். பிறகு அதன்மேல் ஆணி ஊறிய வினிகரைத் தடவுங்கள். சற்று நேரத்தில் பலகை கருக்கும். டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்ததால் வந்த கருமை இது. பலகையின் பக்கவாட்டில் தடவிய இடம் அதிகம் கருத்ததா, வெட்டுமுனையில் தடவிய இடமா? உற்று நோக்குங்கள். புலிவரியின் இரகசியம் உங்கள் கையிலேயே இருக்கும்!