நான்கு மெகாபைட்டில் ஒரு சுயராஜ்யம்

நீளம் 74 மில்லிமீட்டர், அகலம் 67, கனம் 22 என்ற அளவில் சட்டைப் பைக்குள் அடங்கிவிடும் ஒரு வெள்ளைப் பெட்டி; அதில் ஈதர்நெட் கம்பியைச் செருக ஒரே ஒரு துளை, மோடத்துக்கு ஒரு யுஎஸ்பி துளை, மின்சாரத்துக்கு ஒரு மினி யுஎஸ்பி துளை, மூன்று நிலைகளில் நகரும் ஒரு சிறு சுவிட்ச். டிபி-லிங்க் நிறுவனத்தின் எம்ஆர்3020 என்னும் கையடக்க ரௌட்டரைப் பற்றி வெளியிலிருந்து பார்ப்பவர் சொல்லக்கூடியது இவ்வளவுதான். 3ஜி மோடத்தில் வரும் இணைய இணைப்பை வைஃபையாக்கிப் பலருக்கும் பகிர்ந்து தருவதே அதைத் தயாரித்தவர்களின் உத்தேசம். ஆயினும், அவர்கள் எழுதி வைத்த மென்பொருளை அப்புறப்படுத்திவிட்டு, ஓப்பன் டபிள்யூஆர்டி என்னும் கட்டற்ற மென்பொருளை அதனுள் குடியேற்ற முடிந்ததனால்தான் இச்சாதனத்துக்குப் பல தேசங்களிலும் ஒரு தனிப் பிரசித்தி ஏற்பட்டது.

ரௌட்டர் என்பது உண்மையில் திரையும் விசைப்பலகையும் இல்லாத ஒரு கம்ப்யூட்டர். எம்ஆர்3020-இன் முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9331 என்னும் சில்லு 400 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்குகிறது. வேலை நினைவகம் 32 மெகாபைட். மின்சாரம் போனாலும் அழியாத பிளாஷ் நினைவகம் 4 மெகாபைட். அந்தப் பிளாஷில் நிரந்தரமாக எழுதப்பட்டு, சாதனம் உயிர்பெறும் கணத்திலிருந்து அதன் ஒவ்வொரு அசைவையும் நடத்துகிற மென்பொருளுக்குத்தான் ஃபர்ம்வேர் என்று பெயர். புதிய மாதிரி சந்தைக்கு வந்ததும் பழைய மாதிரியின் ஃபர்ம்வேரைத் திருத்துவதை நிறுவனங்கள் நிறுத்திவிடுவது சர்வசாதாரணம். யந்திரம் பழுதின்றி ஓடிக்கொண்டிருக்க, அதன் பாதுகாப்பில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் மட்டும் அடைக்கப்படாமல் ஆண்டுக்கு ஆண்டு பெருகிக்கொண்டே போகும். விலை கொடுத்து வாங்கிய பொருளின் ஆயுளை விற்றவர் நிர்ணயிப்பதா, வாங்கியவர் நிர்ணயிப்பதா என்ற கேள்விதான் இதன் அடியில் கிடக்கிறது. ஃபர்ம்வேரை மாற்றினால் வேகம் கூடும், வசதி பெருகும் என்று சொல்லப்படுவதெல்லாம் என் அபிப்பிராயத்தில் இரண்டாம்பட்சமே.

வாங்கியவர் ஃபர்ம்வேரை மாற்றிக்கொள்ளும் உரிமை ஒரு லைசென்ஸ் ஷரத்திலிருந்து பிறந்த வரலாறு சுவையானது. 2002-ஆம் ஆண்டின் இறுதியில் லிங்க்ஸிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்னும் ரௌட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு அந்நிறுவனத்தை சிஸ்கோ வாங்கியது. அதே 2003-இன் ஜூன் மாதத்தில், அந்த ரௌட்டரின் உள்ளே லினக்ஸ் ஓடுகிறது என்பதும், லினக்ஸுக்குரிய ஜிபிஎல் லைசென்ஸ் விதிக்கும் கடமை நிறைவேற்றப்படவில்லை என்பதும் லினக்ஸ் நிரலாளர்களிடையே அம்பலமாயின. லினக்ஸை எடுத்தாள எவருக்கும் அனுமதி உண்டு. ஆனால், அதைச் சேர்த்துச் செய்த பொருளை விற்பவர், அதன் மூல நிரலையும் வாங்கியவர் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பது ஜிபிஎல்லின் நிபந்தனை. நிர்ப்பந்தம் வலுக்கவே, சில வாரங்களில் மூல நிரல் வெளியிடப்பட்டது. அதனை ஆதாரமாகக் கொண்டு 2004 ஜனவரியில் தொடங்கியதே ஓப்பன் டபிள்யூஆர்டி. பெயரின் பிற்பாதியில் அந்த ரௌட்டரின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. 2005-இன் பிற்பகுதியில் வந்த ஐந்தாம் பதிப்பில் லினக்ஸை விலக்கி, விஎக்ஸ்வொர்க்ஸ் என்னும் வேறொரு இயங்குதளத்தை அமர்த்தி, வேலை நினைவகத்தை 8 மெகாபைட்டாகவும் பிளாஷை 2 மெகாபைட்டாகவும் குறைத்துச் செலவை மிச்சப்படுத்தியது. ஆனால் லினக்ஸ் வேண்டுமென்று கேட்கும் வாடிக்கையாளர் கூட்டம் அதற்குள் உருவாகிவிட்டபடியால், அவர்களுக்கென்றே டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று, பழைய அளவு நினைவகத்துடன், தனியாக ஒரு மாதிரியை விற்க வேண்டியதாயிற்று. விட்டுக்கொடுத்ததை விலைக்கு விற்றதும் ஒரு வியாபார சாமர்த்தியந்தான்.

இனி, அந்த 4 மெகாபைட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஃபர்ம்வேரை மாற்றுகிறவர் கைவைக்கலாகாத இடங்கள் இரண்டு அதில் உண்டு. முதல் 128 கிலோபைட்டில் யூ-பூட் என்னும் துவக்க நிரல் குடியிருக்கிறது. மின்சாரம் பாய்ந்தவுடன் விழித்தெழுந்து, லினக்ஸை நினைவகத்தில் ஏற்றிவிடுவது அதன் பணி. கடைசி 64 கிலோபைட்டில், அந்தக் குறிப்பிட்ட பெட்டியின் ரேடியோவுக்கென்று தொழிற்சாலையிலேயே அளந்து எழுதிய திருத்த எண்கள் உள்ளன. ஒரே மாதிரியைச் சேர்ந்த இரு பெட்டிகளுக்கும் இவை வெவ்வேறானவை. ஒரு பிரதி எடுத்து வைக்காமல் அழித்துவிட்டவருக்கு வேறெங்கிருந்தும் அவை கிடைக்கப்போவதில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 3904 கிலோபைட்தான் நாம் ஆளக்கூடிய ராஜ்யம்.

அந்த ராஜ்யத்தையும் ஓப்பன் டபிள்யூஆர்டி இரு கூறாக்கிக்கொள்கிறது. லினக்ஸும் அடிப்படை நிரல்களும் நெருக்கிச் சுருக்கப்பட்டு, மாற்ற இயலாத ஸ்குவாஷ்எஃப்எஸ் பகுதியில் இருக்கின்றன. நாம் செய்யும் மாறுதல்கள் யாவும் ஜேஎஃப்எஃப்எஸ்2 என்னும் எழுதத்தக்க பகுதியில் தங்குகின்றன. அச்சுப் புத்தகத்தின் பக்கத்தின்மேல் மெல்லிய கண்ணாடித் தாளை விரித்துத் திருத்தங்களை எழுதினாற்போல, மேலிருந்து பார்க்கையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்; தாளை உருவிவிட்டாலோ மூலப் பக்கம் பழுதின்றி நிற்கும். அமைப்புகளை எவ்வளவுதான் குளறுபடியாக்கினாலும், மேற்பகுதியை மட்டும் துடைத்துவிட்டு முதல் நாள் நிலைக்குத் திரும்ப முடிவது இந்த ஏற்பாட்டின் விசேஷம்.

நிறுவும் வேலை கைப்பழக்கத்தைக் காட்டிலும் ஜாக்கிரதையையே அதிகம் கோருவது. முதலாவதாக, பெட்டியின் அடிப்புறச் சீட்டில் மாதிரியின் பெயரோடு அச்சிட்டிருக்கும் பதிப்பு எண்ணைப் படிக்க வேண்டும். பெயர் ஒன்றாகவே இருந்தும், எம்ஆர்3020-இன் மூன்றாம் பதிப்பு மீடியாடெக் சில்லும் 8 மெகாபைட் பிளாஷும் கொண்ட வேறொரு பிராணி. ஒன்றுக்குரிய கோப்பு மற்றொன்றுக்கு உதவாது. அடுத்து, கோப்புகளில் ஃபாக்டரி என்றும் சிஸ்அப்கிரேடு என்றும் இரண்டு வகை இருப்பதைக் கவனிக்க வேண்டும்: நிறுவனத்தின் ஃபர்ம்வேரிலிருந்து முதன்முறை மாறுகிறவருக்கு முன்னது, ஏற்கனவே ஓப்பன் டபிள்யூஆர்டியில் இருப்பவர் புதிய வெளியீட்டுக்குப் போகப் பின்னது. பதிவிறக்கிய கோப்பு வழியில் சிதையவில்லை என்பதை, திட்டத்தின் தளத்தில் அதற்கெனக் கொடுத்திருக்கும் எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டு நிச்சயித்துக்கொள்வது அவசியம். வேலை முடியும்வரை வைஃபையை நம்பாமல் ஈதர்நெட் கம்பியால் கம்ப்யூட்டரையும் ரௌட்டரையும் இணைத்து, நிறுவனத்தின் சொந்த நிர்வாகப் பக்கத்திலுள்ள ஃபர்ம்வேர் அப்கிரேடு பகுதியின் வழியாகவே கோப்பை ஏற்றிவிடலாம். சில டிபி-லிங்க் பக்கங்கள் நீளமான கோப்புப் பெயரைக் கண்டால் மறுத்துவிடும். பெயரைச் சுருக்கினால் வாய்பேசாமல் வாங்கிக்கொள்ளும்.

அதன்பின் சில நிமிடங்கள் கையைக் கட்டிக்கொண்டிருப்பதே சாதகன் செய்ய வேண்டிய காரியம். பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டிருக்கும் அந்த இடைவேளையில் மின்சாரம் தடைப்பட்டால், பெட்டி பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். எழுதி முடிந்து சாதனம் மறுபடி விழித்ததும் அதன் முகவரி 192.168.1.1 என்று மாறியிருக்கும். பழைய முகவரியில் தட்டிப் பார்த்துவிட்டு, போயிற்று என்று பதறுகிறவர்கள் உண்டு. ரூட் என்ற பெயரில், கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழையலாம். நுழைந்தவுடன் கடவுச்சொல் ஒன்றை அமைத்துக்கொள்வது முதல் கடமை. வைஃபை அணைந்தே கிடக்கும். அது பழுதன்று, கடவுச்சொல் இல்லாத ஒரு யந்திரம் ஊரறிய ஒலிபரப்பலாகாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஒற்றை ஈதர்நெட் துளை கொண்ட கையடக்க ரௌட்டர்களுக்கே உரிய ஒரு கண்ணி இங்கே இருக்கிறது. தொடக்கத்தில் அந்தத் துளை உள்வலையைச் சேர்ந்தது; அதன் வழியாகத்தான் நாம் நிர்வாகப் பக்கத்தை அடைகிறோம். இணையக் கம்பியைச் செருகும் ஆவலில், வைஃபையை இன்னும் உயிர்ப்பிக்காமலே அத்துளையை வெளிவலைக்கு உரியதாக மாற்றி ‘சேமி’ என்று அழுத்திவிட்டால், வெளியிலிருந்து வருகிற எவரையும் உள்ளே விடாதே என்ற கட்டளைக்குப் பணிந்து, தீச்சுவர் வீட்டுக்காரரையே வாசலில் நிறுத்திவிடும். எனவே முதலில் வைஃபையை எழுப்பி, அதன் வழியாக உள்ளே வர முடிகிறதா என்று சோதித்த பிறகே துளையின் கடமையை மாற்ற வேண்டும். வரிசை தவறியவருக்கும் பரிகாரம் உண்டு. பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து, விளக்கு சிமிட்டத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளுக்குள் பெட்டியிலுள்ள பொத்தானை அழுத்தினால், ஃபெயில்சேஃப் என்னும் ஆபத்துக்கால நிலையில் அது எழுந்திருக்கும். அந்நிலையில் நம் அமைப்புகள் எதையும் பொருட்படுத்தாமல், 192.168.1.1 என்ற முகவரியில் காத்திருக்கும். கம்ப்யூட்டருக்கு 192.168.1.2 என்ற முகவரியைக் கையால் கொடுத்து உள்ளே போய், பிழையைத் திருத்தலாம். அல்லது அந்தக் கண்ணாடித் தாளை அடியோடு உருவிவிடலாம்.

யூ-பூட் மட்டும் உயிரோடிருந்து மற்றவை பாழானால், முதல் பதிப்பில் வழி சற்றுக் கடினம். பெட்டியைப் பிளந்து, பலகையிலுள்ள சீரியல் புள்ளிகளில் நுண்ணிய கம்பிகளை ஈயம் வைத்துப் பற்றவைத்து, 3.3 வோல்ட்டில் இயங்கும் இணைப்பான் ஒன்றைக் கம்ப்யூட்டரில் செருகி, துவக்க நிரல் ஒரே ஒரு விநாடி காத்திருக்கும்போது டி, பி, எல் என்ற மூன்று எழுத்துகளைச் சடுதியில் தட்டினால் அது நம் ஏவலுக்கு நிற்கும். பிறகு கம்பி வழியே நல்ல கோப்பை ஊட்டிப் பிழைக்கவைக்கலாம். யூ-பூட்டே அழிந்துவிட்டால் இந்த வித்தையும் பலிக்காது. பழைய டிபி-லிங்க் ஃபர்ம்வேருக்குத் திரும்ப விரும்புகிறவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: நிறுவனம் தரும் கோப்பின் பெயரில் ‘பூட்’ என்ற சொல் இருந்தால், அதன் தலைப்பகுதியில் துவக்க நிரலும் சேர்ந்திருக்கிறது என்று பொருள், அப்பகுதியை வெட்டி நீக்காமல் ஓப்பன் டபிள்யூஆர்டியிலிருந்து எழுதினால் பெட்டி ‘பிரிக்’, அதாவது இயங்காத வெறும் செங்கல், ஆகிவிடும்.

நிறுவிய பிறகு எதிர்ப்படும் உண்மையான சங்கடம் இடப்பற்றாக்குறை. லூசி என்னும் நிர்வாகப் பக்கத்தையும் சேர்த்துக்கொண்டால், எழுதத்தக்க பகுதியில் மிஞ்சுவது சில நூறு கிலோபைட்டுக்கு மேற்படாது. பென்டிரைவைச் செருகி இடத்தைப் பெருக்கலாமே என்றால், பென்டிரைவை அறிந்துகொள்ளும் நிரலுக்கே அங்கு இடம் தேட வேண்டியிருக்கும். இமேஜ் பில்டர் என்னும் கருவியைக் கொண்டு, வேண்டாதவற்றைக் களைந்து, வேண்டியவற்றை முன்கூட்டியே சுருக்கப்பட்ட பகுதிக்குள் சேர்த்துத் தமக்கென ஒரு ஃபர்ம்வேரைச் சமைத்துக்கொள்வதே அனுபவசாலிகளின் மார்க்கம். லூசியைத் தியாகம் செய்து, கட்டளை வரியிலேயே காலம் தள்ளுகிறவர்கள் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ரேடியோ அலைகள் பொதுச் சொத்தாகையால், இவ்விஷயத்தில் சர்க்காருக்கும் ஒரு பங்கு உண்டு. அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேற்பட்ட சக்தியில் ஒலிபரப்ப இடங்கொடுத்ததற்காக, 2016 ஆகஸ்டில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்துடன் டிபி-லிங்க் ஒரு சமரசத்துக்கு வந்து 2,00,000 டாலர் செலுத்தியது. வெளியார் எழுதும் ஃபர்ம்வேரைத் தன் ரௌட்டர்களில் நிறுவ வழிசெய்ய முயல்வதாகவும் அதே உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டது. அலை விதிகளை மீறாதே, அதைச் சாக்காக வைத்துக் கதவையும் பூட்டாதே என்ற இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதியது நியாயமான தீர்வு என்றே சொல்ல வேண்டும். ஓப்பன் டபிள்யூஆர்டியில் வைஃபையை இயக்குமுன் தம் தேசத்தின் குறியீட்டைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது இதனால்தான் முக்கியம்.

நிறுவனம் கைவிட்ட பெட்டியைத் தன்னார்வலர்கள் தாங்கினார்கள். ஆனால் அவர்களாலும் முடிவின்றித் தாங்க இயலவில்லை. லினக்ஸ் ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே வர, 4 மெகாபைட் பிளாஷும் 32 மெகாபைட் நினைவகமும் உள்ள சாதனங்களுக்கு அதிகாரபூர்வமான ஆதரவு 19.07 என்ற வரிசையோடு நின்றது. அவ்வரிசையின் கடைசி வெளியீடு 2022 ஏப்ரலில் வந்தது. ஆகையால், இன்று புதிதாக ஒன்றை வாங்கி இந்தப் பிரயோகத்தில் இறங்க எண்ணுகிறவர், 16 மெகாபைட் பிளாஷும் 128 மெகாபைட் நினைவகமும் உள்ளதற்குக் குறைந்த எதையும் நாடாதிருப்பது உத்தமம். ஜிஎல்-ஐநெட் நிறுவனத்தின் பயண ரௌட்டர்கள் ஓப்பன் டபிள்யூஆர்டியை அடிப்படையாகக் கொண்ட ஃபர்ம்வேரோடுதான் கடைக்கே வருகின்றன; ரீசெட் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால், யூ-பூட்டே ஒரு வலைப்பக்கத்தைக் காட்டி நல்ல கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் என்பதால், ஈயம் உருக்கும் வேலைக்கு அங்கே அவசியமில்லை. 2024-இல் ஓப்பன் டபிள்யூஆர்டி திட்டத்தாரே வெளியிட்ட ‘ஒன்’ என்னும் ரௌட்டரில், மீட்சிக்கென்றே தனியான பிளாஷ் சில்லு ஒன்றும், அதற்கு மாற்றிவிட ஒரு சுவிட்சும் இருக்கின்றன. அது பையில் எடுத்துச் செல்லும் ரகமன்று.

பழைய எம்ஆர்3020 வைத்திருப்பவர்கள் அதை இணையத்தின் நேர் வாசலில் காவலுக்கு நிறுத்துவது இனி உசிதமன்று. இணையத்தோடு சம்பந்தமே இல்லாத வேலை ஒன்று அதற்குப் பொருத்தமாகக் காத்திருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் டார்ட்ஸ் 2011-இல் உருவாக்கிய பைரேட்பாக்ஸ் என்னும் யோசனையைப் பின்பற்றி, ஜேசன் கிரிஃபி என்னும் அமெரிக்க நூலகர் இதே பெட்டியையும் ஒரு பென்டிரைவையும் சேர்த்து லைப்ரரிபாக்ஸ் என்ற நடமாடும் மின்னூல் நிலையத்தை அமைத்தார். அருகிலிருப்பவர்கள் தங்கள் போனில் அதன் வைஃபையைத் தேர்ந்தெடுத்தால் போதும். இணைய இணைப்பே இல்லாத இடத்திலும் பென்டிரைவிலுள்ள புத்தகங்களை இறக்கிப் படிக்கலாம். 5 வோல்ட் மின்சாரம் போதுமாகையால், போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர்பேங்க் ஒன்றிலேயே பல மணி நேரம் அது ஓடும்.