புறக்கடை வாத்துகளுக்கு இரவுக் காவல்: பொறி வேண்டாம், பட்டியைப் பலப்படுத்துங்கள்

விடிந்ததும் பட்டியைத் திறக்கப் போனால் இறகு சிதறிக் கிடக்கிறது. நேற்று மாலை எண்ணி அடைத்த பத்து வாத்துகளில் நான்கைக் காணோம். ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், கரும்புத் தோட்டம், கருவேலம் புதர் இவற்றை ஒட்டி வாத்து வளர்க்கும் வீடுகளில் இந்தக் காட்சி புதிதல்ல.

போனது நான்கு வாத்துகளின் விலை மட்டும் அல்ல. வாத்துக்குஞ்சு வளர்ந்து முட்டைக்கு வர ஐந்து, ஆறு மாதம் ஆகும். வாத்து இரண்டாம் ஆண்டிலும் நன்றாக முட்டையிடக் கூடியது. அப்படி முட்டையிட்டுக் கொண்டிருந்த வாத்து போய்விட்டால், புதுக்குஞ்சு அந்த இடத்துக்கு வர அரை ஆண்டு காத்திருக்க வேண்டும். முட்டை விற்ற காசில் மளிகைச் செலவையும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவையும் சமாளிக்கும் வீட்டுக்கு இது பெரிய அடி.

ஏன் வாத்து எளிதில் மாட்டுகிறது?

நாட்டுக்கோழி பொழுது சாய்ந்தால் மரக்கிளையிலோ பரணிலோ ஏறிக்கொள்ளும். வளர்ப்பு வாத்துக்கு அந்த வழி இல்லை. மணிலா வாத்து ஓரளவு பறக்கும். நம் நாட்டு வாத்துகளும் காக்கி கேம்பலும் தரையில்தான் படுக்கும். பயந்தால் எல்லாம் ஒரே மூலையில் போய் நெருக்கும். அதனால் உள்ளே ஒரு விலங்கு புகுந்தால் இழப்பு ஒன்றோடு நிற்பதில்லை.

வந்தது எது?

பரிகாரம் தேடும் முன் வந்தது எது என்று பார்க்க வேண்டும். அடையாளங்கள் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

• முழு வாத்தையே காணோம், வேலிப் பக்கம் வழிநெடுக இறகு கிடக்கிறது என்றால் நரி அல்லது காட்டுப்பூனை.

• பல வாத்துகள் குதறப்பட்டு, தின்னப்படாமல் கிடந்தால் தெருநாய்.

• கழுத்திலும் தலையிலும் கடி இருந்தால், பகலில் கீரி, இரவில் மரநாய்.

• முட்டை ஓடுகூட மிஞ்சாமல் மறைந்தால் பாம்பு அல்லது உடும்பு. உடைந்த ஓடு கிடந்தால் கீரி அல்லது காகம்.

• குஞ்சுகள் ஒன்றிரண்டாகக் குறைந்தால், பகலில் காகம், பருந்து. இரவில் பெருச்சாளி, பாம்பு.

சந்தேகம் தீராவிட்டால், மாலையில் பட்டியைச் சுற்றிச் சலித்த சாம்பலையோ மணலையோ மெல்லியதாகத் தூவி வைக்கலாம். காலையில் தடம் தெரியும். நாய், நரியின் தடத்தில் நகம் பதிந்திருக்கும். பூனை நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் அதன் தடத்தில் நகம் தெரியாது.

விஷமும் கண்ணியும் தீர்வல்ல

வாத்தைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் சிலர் செத்த வாத்தில் விஷம் தடவி வைக்கிறார்கள். சிலர் சுருக்குக் கம்பி கட்டுகிறார்கள், மின்கம்பியில் இருந்து நேரே வேலிக்கு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். நரி, காட்டுப்பூனை, கீரி, உடும்பு, மலைப்பாம்பு எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைக் கொல்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். விஷத்தை வீட்டு நாயும் தின்னும். மின்வேலியில் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதரும் சாகிறார்கள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஒரு நரி செத்தாலும் பட்டியில் உள்ள ஓட்டை அப்படியே இருக்கிறது. அடுத்த நரி அதே வழியாக வரும். கீரியும் சாரைப்பாம்பும் வயலில் எலி பிடிப்பவை. அவற்றைத் தொலைத்துவிட்டு நெல்லை எலிக்குக் கொடுப்பதில் லாபம் இல்லை.

பட்டி எப்படி இருக்க வேண்டும்?

கையில் இருக்கும் பணத்தை முதலில் இரவுப் பட்டிக்குத்தான் செலவிட வேண்டும். இரவில் அடைக்க ஒரு வாத்துக்கு 3 சதுர அடி இடம் போதும். பத்து வாத்துகளுக்கு 6 அடி நீளம், 5 அடி அகலம் கணக்கு.

சுவர்: தரையில் இருந்து 2 அடிக்குச் செங்கல் அல்லது கெட்டியான மண்சுவர். அதற்கு மேல் காற்றோட்டத்துக்குக் கம்பி வலை. சாதாரண அறுகோணக் கோழிவலை வாத்தை உள்ளே நிறுத்தும். நாயையும் நரியையும் வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வலையே வேண்டும். விலை கூடுதல் என்பதால் திறப்பு உள்ள இடங்களுக்கு மட்டும் வாங்கினால் போதும்.

அடித்தளம்: நரியும் நாயும் சுவரின் காலடியில்தான் மண்ணைப் பறிக்கும். சுவரை ஒட்டி வெளிப்புறம் ஒன்றரை அடி அகலத்துக்கு வலையைப் படுக்கையாக விரித்து, மண் போட்டு, கல் வைத்து அழுத்திவிடுங்கள். பறிக்கும் இடத்தில் கம்பி தடுக்கும்.

கூரை: மரநாய் ஓட்டை நகர்த்தும், கீற்றை விலக்கும். கூரைக்கு அடியிலும் வலை அடிப்பது அவசியம்.

கதவு: கீழே விரல் நுழையும் சந்துகூட இருக்கக் கூடாது. வாசற்படியாக ஒரு பலகை பதித்து, மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள் போடுங்கள்.

தரையில் உமியோ நறுக்கிய வைக்கோலோ பரப்பி, ஈரம் ஏறினால் மாற்ற வேண்டும். விலங்குக்குப் பயந்து நான்கு பக்கமும் சாக்குக் கட்டி மூடினால் எச்சத்தின் நெடி தங்கி வாத்துக்கு நோய் வரும்.

அடைக்கும் நேரம், திறக்கும் நேரம்

பொழுது சாய்வதற்கு முன்பே அடைத்துவிட வேண்டும். மாலைத் தீவனத்தைத் தினமும் பட்டிக்குள் வைத்து, ஒரே குரலில் கூப்பிட்டுப் பழக்கினால் சில நாளில் தாமாகவே வந்து நுழையும். எண்ணிப் பார்த்த பிறகே தாழ் போடுங்கள்.

காலையில் அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம். வாத்துகள் பெரும்பாலும் பின்னிரவில் இருந்து காலை 9 மணிக்குள் முட்டையிட்டுவிடும். 9 மணிக்குத் திறந்தால் முட்டை ஏரியிலும் புதரிலும் போகாது. விடியற்காலையில் சுற்றும் நரியிடம் வாத்தும் சிக்காது. ஒரே வேலையில் இரண்டு பலன். அதுவரை உள்ளே தண்ணீர் இருக்க வேண்டும். வாத்தின் மூக்கு நனையும் ஆழமுள்ள பாத்திரம் வையுங்கள். மிச்சத் தீவனத்தை மட்டும் இரவில் விட்டுவைக்க வேண்டாம். தீவனத்துக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

பட்டியைச் சுற்றி 10 அடிக்குப் புதரை வெட்டிவிடுங்கள். மீன் கழிவு, கோழிக் கழிவைப் பக்கத்தில் கொட்டாதீர்கள். உள்ளே பாம்பைப் பார்த்தால் அடிக்கப் போகாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

குஞ்சுகளுக்குத் தனிக் கவனம்

நம் நாட்டு வாத்து பெரும்பாலும் அடை உட்காராது. அதனால் முட்டையை நாட்டுக்கோழிக்கு அடை வைக்கிறோம். 28 நாள் அடை காக்கும் கோழியையும் இரவில் பட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். மணிலா வாத்து தானே அடை உட்காரும், 35 நாள் ஆகும். அது புதரில் மறைவாக முட்டையிடும் பழக்கம் உள்ளது. தேடிப்பிடித்து உள்ளே கொண்டுவர வேண்டும்.

பொரித்த குஞ்சுகளை முதல் மூன்று, நான்கு வாரம் வலை போட்ட அடைப்பை விட்டு வெளியே விடாதீர்கள். பிறகு பகலில் விடும்போது மேலே பழைய மீன்வலையை இழுத்துக் கட்டினால் காகமும் பருந்தும் இறங்காது. வலை தரையில் தொங்கக் கூடாது, பாம்பு சிக்கிக்கொள்ளும்.

காயமே இல்லாமல் செத்தால்?

உடலில் கடி இல்லாமல் இரண்டு, மூன்று வாத்துகள் அடுத்தடுத்துச் செத்தால் விலங்கின் மேல் பழி போடாதீர்கள். அது தொற்று நோயாக இருக்கலாம். செத்த வாத்தை வெறும் கையால் தொடாமல், சமைக்காமல், யாருக்கும் கொடுக்காமல், உடனே கால்நடை மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

இன்று மாலை வாத்துகளை அடைக்கும் முன் பட்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள். சுவரின் அடி, கூரையின் ஓரம், கதவின் கீழ்ச்சந்து என்று கையை விட்டுப் பாருங்கள். உங்கள் கை நுழையும் இடத்தில் மரநாயும் நுழையும். அந்த ஓட்டையை இன்றைக்கே அடைத்துவிடுங்கள்.