கல்லும் தொழுகையும்

கீழக்கரை ஜும்ஆப் பள்ளிவாசல் 17ஆம் நூற்றாண்டில், வள்ளல் சீதக்காதியின் காலத்தில் எழுந்ததாகும். கருங்கல் தூண்கள் தாங்கும் மண்டப அமைப்பினைத் தமிழகச் சிற்பியர் மரபு தந்தது; உருவங்களை விலக்கிக் கொடியும் பூவுமாய்ச் செதுக்கும் வரம்பினை இஸ்லாம் தந்தது.

எனினும் பள்ளிவாசல் காட்சிச்சாலைப் பொருள் அன்று. ஐவேளை பாங்கொலியும், வெள்ளிக்கிழமை குத்பாவும், ரமலான் நோன்புக் கஞ்சியுமே அதற்கு உயிரூட்டுகின்றன. தொழுவோர் பெருகுங்கால் இடமும் விரிவடைந்தே ஆகவேண்டும். அதன்பொருட்டுப் பழம்பள்ளிகளின் தூண்களை அகற்றுவதும், கல்வெட்டின்மீது சாயம் பூசுவதும் நம் வரலாற்றை நம் கையாலேயே அழிப்பதாகும். புதிய கூடத்தைப் பக்கத்தில் எழுப்பலாம். இழந்த கல்வெட்டை மீண்டும் பெற இயலாது. ஜமாஅத்துப் பெரியோர் திருப்பணி தொடங்குமுன் கல்வெட்டுகளைப் படியெடுக்கச் செய்வார்களாக. அப்பணியில் நம் மாணவர்களோடு நாமும் துணைநிற்போம்.