வண்டி கிளம்பும் முன்

பச்சிளம் குழந்தைகளுக்கான ஆம்புலன்ஸ் எப்படி இயங்குகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்த வண்டி வந்து சேரும்வரை, குழந்தை பிறந்த சிறிய மருத்துவமனையில் என்ன நடக்க வேண்டும்? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

உடல் வெப்பம் 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால், சூட்டை மீட்பதற்காகக் குழந்தையின் உடல் ஆக்ஸிஜனையும் சர்க்கரையையும் வேகமாகச் செலவழிக்கும். சர்க்கரை மிகவும் குறைந்தால் வலிப்பு வரலாம். ஆக்ஸிஜன் போதாமல் ரத்தத்தில் அமிலம் கூடினால் மூச்சு இன்னும் திணறும். இந்த நிலையில் அவசரமாக வண்டியில் ஏற்றினால், பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் நிலைமை கைமீறிவிடும்.

கனடாவில் உருவான 'ஏகார்ன்' என்ற பயிற்சி முறை இதற்கு ஒரு வழி வகுத்தது. என்ன நோய் என்று தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூச்சு, ரத்த ஓட்டம், நரம்பு மண்டலம், அறுவைச் சிகிச்சை தேவைப்படும் கோளாறுகள், திரவமும் சர்க்கரையும், வெப்பம், நோய்த்தொற்று என வரிசையாகப் பார்த்து, கோளாறு உள்ள இடத்தில் உடனே சிகிச்சையைத் தொடங்கலாம்.

இப்படிப் படிப்படியாகச் செல்லும் முறையைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க முடியும். 'நியோட்ரீ' என்ற டேப்லெட் செயலி அதற்கு நல்ல சான்று. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் மலாவி, ஜிம்பாப்வே மருத்துவர்கள், செவிலியர்களோடு சேர்ந்து உருவாக்கியது இது. சேர்க்கையின்போது செவிலியர் விவரங்களைப் பதியப் பதிய, அடுத்து என்ன பார்க்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று திரை வழிகாட்டும். இணைய இணைப்பு இல்லாதபோதும் வேலை செய்யும்.

கணக்கிலும் கணினி கைகொடுக்கும். சர்க்கரை குறைந்த குழந்தைக்கு 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸைக் கிலோவுக்கு 2 மில்லி வீதம் ரத்தக்குழாயில் செலுத்துவது வழக்கம். 1.8 கிலோ குழந்தைக்கு அது 3.6 மில்லி. நள்ளிரவில், தனியாகப் பல குழந்தைகளைக் கவனிக்கும் செவிலியருக்கு ஒரு புள்ளி இடம் மாறினால் அது பத்து மடங்காகிவிடும்.

ஆனால், பதியாத விவரம் கணினிக்குத் தெரியாது. குழந்தை வெளிறிப்போவதையும் அழுகை பலவீனமாவதையும் கவனிக்க வேண்டியவர் செவிலியர்தான். சர்க்கரை அளக்கும் ஸ்ட்ரிப் தீர்ந்துபோன வார்டில் திரையில் வரும் அறிவுரையால் என்ன பயன்? வார்மர், ஆக்ஸிஜன், டெக்ஸ்ட்ரோஸ், பயிற்சி பெற்ற செவிலியர் ஆகியவற்றுக்குப் பிறகே செயலி. நிபுணர்கள் நிறைந்த பெருநகர மருத்துவமனையைவிட, இரவில் குழந்தை மருத்துவரே இல்லாத சிற்றூர் மருத்துவமனைக்குத்தான் இந்தத் துணை முதலில் போக வேண்டும். அங்கே முதல் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் கதகதப்பும் சர்க்கரையும் மூச்சும்தான் அந்தக் குழந்தையைப் பயணத்துக்குத் தயார்படுத்துகின்றன.

செயலி சொன்ன யோசனை தவறாகப் போனால் யார் பொறுப்பு? அடுத்த வாரம் பேசுவோம்.

(தொடரும்)