புகை போகும் வழி

மதியச் சாப்பாட்டு நேரம். சமையற்கட்டிலிருந்து ஹாலுக்குத் திறக்கும் கதவைச் சப்ளையர் தோளால் முட்டித் தள்ளுகிறார். கையை விட்டதும் அது டப்பென்று சாத்திக்கொள்கிறது. ஹாலில் ஏசி ஓடியும் குளிர்ச்சி நிற்பதில்லை, கழிப்பறை வாடை வேறு மேஜை வரை வருகிறது. முதலாளியின் கணக்கில் இவை மூன்று தனித்தனிப் புகார்கள்: கதவுக்குத் தச்சர், ஏசிக்கு மெக்கானிக், வாடைக்கு பினாயில். மூன்றுக்கும் காரணம், சமையற்கட்டுப் புகையை இழுக்க மொட்டை மாடியில் சுழலும் புளோயராக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

தோசைக்கல்லுக்கு மேலே தொங்கும் புகைக்கூண்டான ஹூட் 6 அடிக்கு 3 அடி என்று வைத்துக்கொள்வோம். அதன் வாயில் காற்று நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் ஏறினால், நிமிடத்துக்கு 1,800 கன அடி வெளியேறும். ஒரு கன அடிக் காற்றின் எடை ஏறத்தாழ 34 கிராம். அப்படியானால் அந்த ஒரு ஹூட் வழியாக மட்டும் ஒரு மணி நேரத்தில் மூன்றரை டன்னுக்கு மேல் காற்று மாடிக்குப் போய்விடுகிறது.

போன காற்றுக்கு ஈடாக வேறு காற்று வந்தாக வேண்டும். அதற்கென்று வழி விடாவிட்டால் அது கிடைக்கிற வழியில் வரும்: ஹாலில் காசு கொடுத்துக் குளிரவைத்த காற்றாக, கழிப்பறை ஜன்னல் வழியாக, கதவிடுக்கு வழியாக. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் புகையை இழுக்க ஒரு யூனிட், வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ள இன்னொரு யூனிட் என்று மாடியில் இரண்டு வைக்கிறார்கள். உள்ளே வருவது, போவதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் தாளிக்கிற நெடி ஹாலுக்கு வராது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால், வெளியே விட்ட புகையே வடிகட்டி வழியாகத் திரும்பி வரும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 10 அடி வேண்டும் என்கிறது அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 96 தீப்பாதுகாப்பு விதி.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது இந்தக் காற்று தரும் யூனிட்டில்தான். புகை சரியாகப் போகவில்லை என்றால் அடுத்த யோசனை, 'புளோயரை வேகமாக ஓட்டு.' பெல்ட் புல்லியை மாற்றி 20 சதவீதம் கூடுதல் காற்று கேட்டால், மோட்டார் இழுக்கும் மின்சக்தி ஏறக்குறைய 73 சதவீதம் கூடும். வேகம் கூடக் கூட மின்தேவை மும்மடிப் பெருக்கமாக ஏறுவது விசிறிகளின் இயல்பு. மின்கட்டண ரசீதில் இது தெரியும், புகையில் தெரியாமலும் போகலாம்.

குறை பல நேரங்களில் புளோயரில் இல்லை, புகை போகும் குழாயான டக்டில் இருக்கிறது. சுவர் குறுக்கே வந்தது, பீம் இடித்தது என்று ஃபேப்ரிகேட்டர் இரண்டு எல்போ வளைவு கூடுதலாகப் போட்டிருப்பார். அதுவும் புளோயரின் வாயை ஒட்டியே செங்குத்தாக ஒரு திருப்பம் வைத்தால், பீய்ச்சி வரும் காற்று நேர்ப்படுவதற்கு முன்பே சுவரில் மோதிச் சுழன்று நிற்கும். முதலில் கொஞ்ச தூரம் நேராக ஓடவிட்டு, பிறகு வளைவாகத் திருப்ப வேண்டும். குழாய் குறுகினாலும் இதே கதைதான். அதே அளவு காற்று பாதிக் குறுக்குப் பரப்பில் போக, வேகம் இரட்டிப்பாகும், உராய்வு நான்கு மடங்கைத் தாண்டும்.

சமையற்கட்டு டக்டுக்கு இன்னொரு தொல்லை, எண்ணெய். புகையோடு ஏறும் எண்ணெய் குழாய்ச் சுவரில் படிந்து பிசுபிசுத்து நிற்கும். ஒரு நாள் அடுப்பிலிருந்து தீ ஹூட்டுக்குள் பாய்ந்தால் அந்தப் படிவுதான் விறகு. அதனால் இந்தக் குழாயை ஏசி டக்ட் மாதிரி மெல்லிய தகட்டை மடித்துப் பூட்டிச் செய்யக் கூடாது. தடித்த இரும்புத் தகட்டில் ஒழுகாமல் வெல்டிங் வைத்து, எண்ணெய் ஹூட்டுக்கே வழிந்து திரும்பும்படி சரிவு கொடுத்து, திருப்பங்களில் கை நுழைத்துச் சுரண்ட மூடிகள் விட வேண்டும். அதிர்வு கீழே இறங்காமலிருக்க, புளோயரும் டக்டும் சேரும் இடத்தில் ஒரு துண்டு துணி கட்டுவார்கள். ஏசிக்குக் கேன்வாஸ் போதும். இங்கே தீப்பிடிக்காத துணிதான் வேண்டும்.

மாடியில் கவனம் மழை மேல் இருக்க வேண்டும். டக்ட் இறங்க கான்கிரீட்டில் ஓட்டை போட்டால், அதைச் சுற்றித் தளத்துக்கு மேலே வரம்பு கட்டி, நீர்காப்புப் பூச்சை அந்த வரம்பின் மேலும் ஏற்ற வேண்டும். வரம்பில்லாத ஓட்டை, முதல் ஐப்பசி மழையிலேயே பரோட்டாக் கல்லின் மேல் சொட்டும். புயல் காற்றுக்கும் அசையாதபடி யூனிட்டை மேடை கட்டிப் போல்ட்டால் முடுக்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வீசியது.

எல்லாம் மாட்டிய பிறகும் ஒரு வேடிக்கை நடக்கும். மூன்று பேஸ் வயரில் இரண்டு இடம் மாறிப் போனால் புளோயர் பின்னோக்கிச் சுழலும். ஆனாலும் காற்று அதே பக்கம்தான் போகும், குறைவாக. சத்தம் கேட்கிறது, காற்றும் வருகிறது, எனவே யாரும் சந்தேகப்படுவதில்லை. உறையில் போட்டிருக்கும் அம்புக்குறியையும் சக்கரம் சுழலும் திசையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் அரை நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

கடைசிச் சோதனைக்கு ஒரு ஊதுபத்தி போதும். எல்லா அடுப்பையும் பற்றவைத்து, கதவைச் சாத்தி, ஹூட்டின் விளிம்பில் நாலு மூலையிலும் அதைப் பிடிக்கிறார் மெக்கானிக். மூன்று மூலையில் புகை உள்ளே ஓடி, நாலாவதில் வெளிப்பக்கம் சாய்ந்தால், ஏணியை மறுபடி மாடிக்குச் சாத்த வேண்டியதுதான்.